மாஸ்டர் சொன்ன நேரம்

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் யாருக்கும் முழு நேரத்தைச் சொன்னதே கிடையாது. ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் அரை மணி என்பார். மூன்று மணி என்றால் ஒன்றரை. ஆளைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிற வேலையெல்லாம் அவரிடம் இல்லை. தாசில்தாராக இருந்தாலும் கடலை மூட்டை ஏற்ற வந்தவராக இருந்தாலும் சரி பாதிதான். நான் பார்த்த வரைக்கும் அந்தப் பாதி ஒருநாளும் முக்கால் ஆனதில்லை, கால் ஆனதுமில்லை. பொய்யில் இத்தனை ஒழுங்காக இருந்த இன்னொரு மனிதரை நான் பிறகு சந்திக்கவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றால் அவர்தான். ஒல்லியான ஆள், வெள்ளைக் கோட்டின் தோள் இரண்டும் எப்போதும் ஒரு பக்கமாக இறங்கியே இருக்கும். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் கையில் இருக்கிற பையையோ குடையையோ பார்த்துப் பேசுவார். தாமதத்தைச் சொல்லும்போது மட்டும் முகத்தைப் பார்ப்பார்.

புதுக்கோட்டைக்குத் தெற்கே எட்டு மைலில், திருமயம் போகிற பாதையில் இருந்தது அந்த ஸ்டேஷன். ஓட்டுக் கட்டடம் ஒன்று, இரண்டு வேப்பமரம், பின்னால் மூன்று குவார்ட்டர்ஸ். நான் ஐம்பத்தொன்றில் அந்த ஊர்த் தாய் சேய் நல விடுதிக்கு நர்ஸாகப் போனேன். மாதத்துக்கு நான்கு முறையாவது மருந்து வாங்கவும் ரிப்போர்ட் கொடுக்கவும் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். பிரசவம் சிக்கலானால் தாயைப் பாசஞ்சரில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போவேன். அதனால் அந்த பிளாட்பாரத்தில் நான் காத்துக்கிடந்த நேரத்துக்கு அளவே இல்லை.

முதல் முறை காத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். "இந்தா, முக்கால் மணியில வந்துரும். ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜவுளி மூட்டையோடு ஒரு ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். சந்தை சந்தையாய்ப் போய்த் துணி விற்கிறவர். மாஸ்டர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு அவர் நிதானமாக எழுந்தார். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றார். முக்கால் என்றல்லவா சொன்னார் என்று கேட்டேன். ராவுத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார், புது ஆள் என்று தெரிந்துவிட்டது.

"ரெண்டால பெருக்கிக்கிறணும்மா. மாஸ்டர் கணக்கு அது" என்றார்.

வண்டி சரியாக ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரைப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ராவுத்தர் தடுத்துவிட்டார். "சொல்லிராதீங்க. சொன்னா மனுசன் கணக்கை மாத்திருவாரு. அப்புறம் நமக்கு ஒண்ணும் புரியாமப் போயிரும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. அவர் பாதி சொல்லுவார், நாங்கள் இரண்டால் பெருக்குவோம், விடை சரியாக வரும். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க வந்த மேளக்காரர்கள்கூடப் பெருக்கிப் பார்த்துவிட்டு மேளத்தை உறையில் போட்டுக் கட்டி வைத்ததைக் கண்டிருக்கிறேன். ஊர் முழுக்கத் தெரிந்த அந்த விசயம் மாஸ்டருக்கு மட்டும் தெரியாது. தான் சொல்லுகிற பாதியில் நாங்கள் பாதி ஆறுதல் அடைகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

ரயிலோடு மட்டும் அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் இதை ஒரு வேடிக்கைப் பழக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு எதையுமே முழுதாகக் கையில் கொடுக்க வராது. ஸ்டேஷனுக்கு வரும் தந்திகளை அவர்தான் படித்துச் சொல்லுவார். ஒருநாள் குடுமியான்மலைப் பக்கத்து ஆள் ஒருவர், எங்கள் ஊரில் கிணறு வெட்ட வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். தாயார் இறந்துவிட்டதாகத் தந்தி. மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ரொம்ப முடியலையாம், கிளம்பி வரச் சொல்றாங்க என்று படித்தார். நான் பின்னால் நின்று எழுத்தைப் பார்த்துவிட்டேன். அந்த ஆள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வழியில் தாயாருக்கு ஆரஞ்சுப் பழம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. வண்டி போனதும் மாஸ்டரிடம் நன்றாகவே சண்டை போட்டேன். நான் பார்க்கிற வேலையில் பூசி மெழுகிப் பேசுவது கிடையாது. பிள்ளை தலை திரும்பவில்லை என்றால் திரும்பவில்லை என்றுதான் சொல்லுவேன். அழுகிறவர்கள் அழட்டும், பிறகு ஆக வேண்டியதைச் செய்வார்கள். செத்தவளுக்கு அந்த ஆள் பழம் வாங்கிக்கொண்டு போகிறானே, வீட்டு வாசலில் போய் நிற்கும்போது அவன் என்ன ஆவான் என்று கேட்டேன். மாஸ்டர் என் கைப்பையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"வாசலுக்குப் போனா தானா தெரிஞ்சுக்கிறப் போறான் நர்ஸம்மா. அது வரைக்கும் மூணு மணி நேரம் ரயில்லயும் பஸ்லயும் ஒக்காரணும்ல அவன்."

அவர் சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் வீட்டம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஆலங்குடிப் பக்கம் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று இருக்கும். அவளுக்கு ஒரே ஒரு பிரசவம், அதுவும் என் கையில்தான். பிள்ளை உள்ளேயே இறந்துதான் வெளியே வந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாஸ்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, பிள்ளைக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் இருக்கு, துணியில சுத்தி வச்சிருக்காங்க, நாளைக்குக் காட்டுவாங்க என்று சொல்லிவிட்டார். அவர் வெளியே போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அவுக பாதிதான் சொல்லுவாக. மீதிய நான் சேத்துக்கிருவேன். பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் அழுகையைத் தலையணையில் அடக்கிக்கொண்டாள், வெளியே கேட்டால் அவர் சங்கடப்படுவார் என்று. மறுநாள் அவர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னபோது அப்போதுதான் கேட்பவள்போல இருந்தாள். அந்த வீட்டில் யார் யாரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு அன்று தெரிந்தது.

ஐம்பத்தேழில் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்தது என்றார்கள், சீனாவிலிருந்து வந்தது என்றார்கள். எங்கிருந்து வந்தால் என்ன, கத்திரி வெயில் முடிவதற்குள் ஒரு வீடு பாக்கியில்லாமல் படுத்துவிட்டது. பெரும்பாலானவர்கள் நாலைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். சிலருக்கு அது நெஞ்சில் இறங்கியது. என்னிடம் இருந்ததெல்லாம் காய்ச்சல் மாத்திரையும் கலவை மருந்தும்தான். நெஞ்சில் இறங்கினால் பென்சிலின் ஊசி வேண்டும், அதற்குப் புதுக்கோட்டை போக வேண்டும். பஸ் டிரைவர்கள் படுத்துவிட்டதால் ரோட்டில் பஸ் நின்றுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது ரயில்.

ரயிலும் லேசில் வரவில்லை. அது ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அடையாளமாக மிஷினிலிருந்து எடுத்த டோக்கன் ஒன்றைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டார். எங்களுக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே இருந்த ஸ்டேஷனில் இரண்டு மாஸ்டர்களும் காய்ச்சலில் விழுந்துவிட, அதைப் பூட்டிவிட்டார்கள். அதனால் முன்பு இரண்டு வண்டி போன இடத்தில் ஒன்றுதான் போக முடிந்தது. தெற்கேயும் அதே கதை. எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது முதலில் போக வேண்டும் என்று கன்ட்ரோல் ஆபீஸிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மெயில்தான் முதலில், பிறகு பாசஞ்சர், பிறகு கூட்ஸ். மெயிலே ஆறு மணி, எட்டு மணி தாமதம். அது போகிற வரைக்கும் பாசஞ்சர் எங்கேயாவது ஓரத்துப் பாதையில் கிடக்கும், உள்ளே காய்ச்சல்காரர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஸ்டேஷனில் இரண்டாவது மாஸ்டராக இருந்தவர் முதல் வாரமே படுத்து, காரைக்குடிக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரவும் பகலும் இவர் ஒருவர்தான். துணைக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் சின்னையா. ரிலீஃப் ஆள் நாளைக்கு வருகிறார் என்று கன்ட்ரோல் ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இவருக்கே காய்ச்சல் இருந்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் படுத்துக்கொள்வார். ஒருநாள் நான் சத்தம் போட்டேன், ஸ்டேஷனைப் பூட்டிவிட்டுப் போய்ப் படுங்கள் என்று. இதையும் பூட்டினால் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரைக்கும் ஒரே துண்டாகிவிடும், எல்லாம் நின்றுவிடும் என்றார். பிளாட்பாரத்துக் கரும்பலகையில் அன்றைக்கு மூன்று மணி நேரம் லேட் என்று எழுதியிருந்தது. ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்குத் தேவையான தண்ணீரை எடுத்துவரத் திரும்பிப் போனார்கள்.

அக்கா கடைசியாகத்தான் படுத்தாள். சொல்லியிருக்கவேமாட்டாள், சின்னையா பெண்சாதி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், இரண்டு பக்கமும் கரகரவென்று இருந்தது. காலை ஒன்பதரை மணி இருக்கும். இன்றைக்கு ஊசி போட்டாக வேண்டும், இன்றைக்கு என்றால் இப்போதே என்று மாஸ்டரிடம் நேராகச் சொன்னேன். அவர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அரை மணி நேரம் ஆளைக் காணோம். பிறகு வந்து குவார்ட்டர்ஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்தார்.

"பாசஞ்சர் ரெண்டு மணி நேரத்துல வந்துரும் நர்ஸம்மா. கார்டுகிட்ட சொல்லி எடம் போட்டுத் தரச் சொல்றேன். அவளை ரெடி பண்ணி வைங்க" என்றார்.

உள்ளே போன் அடித்தது. வடக்கிலிருந்து ஒரு கூட்ஸ் வந்துகொண்டிருந்தது, அதை வாங்கி ஓரப் பாதையில் விட வேண்டும். திரும்பி ஓடிவிட்டார்.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறந்திருந்தாள், எல்லாம் கேட்டிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நாலு மணி நேரம் எனக்குத் தாங்காது. வண்டி கட்டச் சொல்லுங்க."

நானும் அதற்குள் பெருக்கிவிட்டிருந்தேன். நாலு மணி நேரம் காத்திருந்து ரயிலில் அரை மணி, ஆக நாலரை. மாட்டு வண்டியில் எட்டு மைல் மூன்று மணி நேரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வண்டிக்காரரிடம் சொன்னேன், அவரும் அதே கணக்கைப் போட்டுவிட்டு உடனே மாட்டைப் பூட்டினார். வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, அவளைத் தூக்கிப் படுக்க வைத்தோம். நாங்கள் தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது கூட்ஸ் வந்துவிட்டது. நாற்பது பெட்டி, அந்தப் பக்கம் மாஸ்டர் கொடியோடு நிற்கிறார், இந்தப் பக்கம் நாங்கள். பெட்டிகளுக்கு நடுவே விட்டு விட்டு அவர் தெரிந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். பத்திரமாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் கையை ஆட்டினேன்.

வெயில் ஏறிவிட்டது. குடையை அக்கா முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஐந்து மைல் போனதும் ரயில் பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் கேட் மூடியிருந்தது. கேட்டுக்காரரிடம் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வண்டி கிளம்பிவிட்டது, டோக்கன் கொடுத்தாகிவிட்டது, திறக்க முடியாது என்றார். எந்த வண்டி என்று கேட்டேன்.

பாசஞ்சர் என்றார்.

நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் சூரியனைப் பார்த்தார். நாங்கள் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகியிருந்தது. கால் மணி நேரம் அந்தக் கேட்டில் நின்றோம். பாசஞ்சர் எங்களைக் கடந்து போனது, ஜன்னலெல்லாம் முகம். அக்கா சத்தத்தைக் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். என்ன வண்டி என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

புதுக்கோட்டை ஓட்டு வீடுகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவளுக்கு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் முயற்சியாவது செய்திருப்பேன் என்றார். பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. முயற்சி செய்திருப்பேன் என்றுதான் சொன்னார். எனக்கு அது போதும், இத்தனை வருடம் தூக்கிச் சுமக்க.

ரயில்வே போனில் மாஸ்டருக்குச் செய்தி சொல்லச் சொல்லிவிட்டு, அதே வண்டியில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஊர் எல்லையிலேயே சின்னையா காத்திருந்தான். வண்டியோடு நடந்துகொண்டே அவன்தான் சொன்னான். அன்று காலை பாசஞ்சர் நாலு மணி நேரத்துக்கு மேலே ஆகும் என்றுதான் கன்ட்ரோல் சொன்னதாம், பின்னால் வருகிற மெயிலை முன்னே விட வேண்டும் என்பதால். மாஸ்டர் அரை மணி நேரம் போனைக் கீழே வைக்காமல் கெஞ்சியிருக்கிறார், அதட்டியிருக்கிறார். சர்வீஸில் எனக்காக ஒன்றும் கேட்டதில்லை, இந்த ஒரு வண்டியை மெயிலுக்கு முன்னால் அனுப்புங்கள் என்று அழுதிருக்கிறார். கொழும்புக் கப்பல் ஆட்களோடு வந்த மெயிலை அடுத்த ஸ்டேஷனில் நிறுத்திவைத்து, பாசஞ்சரை விட்டிருக்கிறார்கள். அது வந்து நின்றபோது முன்பெட்டியில் ஒரு பலகை முழுக்கக் காலியாக இருந்ததாம். இவர் டோக்கனைக் கொடுக்காமல் இரண்டு நிமிடம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம், எங்கள் மாட்டு வண்டி திரும்பி வந்துவிடும் என்று. மெயிலை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டுப் பிறகு ஒரு மெமோவும் வந்தது.

ஸ்டேஷனில் வண்டி நின்றது. சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. மாஸ்டர் வந்து பார்த்தார். முந்தானை விலகியிருந்ததைச் சரி செய்தார். வைக்கோல் ஒன்று தலைமுடியில் இருந்தது, அதை எடுத்தார். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மணியில வந்துரும்னு சொன்னேன்ல நர்ஸம்மா?"

சொன்னீர்கள் என்றேன்.

"வந்துருச்சு. சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு. ஏன் போனீங்க?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். மூச்சு ரொம்ப வாங்கியது, பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அதிலும் பொய் இல்லை. எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் அவர் மேல் பாய்ந்தது. தவிர, எதையும் நேராகச் சொல்லுகிறவள் என்ற திமிர் எனக்கு உண்டு.

"நீங்க ரெண்டுன்னா நாங்க நாலுன்னுதான் எடுத்துக்குவோம் சார். எப்பவுமே அப்படித்தான். ஊர்ல எல்லாருமே" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. எல்லாரும் என்றால் யார் என்று கேட்டார். ராவுத்தர், வண்டிக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், நான் என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தியிருக்க வேண்டும். அவர் சின்னையாவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பலகையில் தான் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அந்த மனிதர் மனதுக்குள் அழித்து எழுதுவது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்குமா தெரியும்?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். இல்லை சார், நான்தான் அவசரப்பட்டேன், அவங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்வேன் என்று நினைக்கிற வார்த்தை எனக்கு அந்த ஒன்றுதான்.

"அவங்கதான் சார், நாலு மணி நேரம் தாங்காதுன்னு சொன்னாங்க."

மாஸ்டர் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை.

"இருவது வருசம். ஒரு நாளாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. சின்னையா எடுக்கப் போனான். மாஸ்டர் அவனைக் கையால் தடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே உள்ளே போனார். ரிலீஃப் ஆள் இன்னும் வந்திருக்கவில்லை. வடக்கிலிருந்து ஒரு வண்டி கிளம்பக் காத்திருந்தது, லைன் காலியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, அனுப்புங்கள் என்று அவர் சொன்னது வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது.